செங்குழியத்தின் அளவும் தலசீமியாவும்: ஓர் இரத்த அறிக்கையை வாசிக்கும் முறை

திருகோணமலையில் எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், காய்ச்சலோ களைப்போ கர்ப்பமோ, பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுவது முழுக் குருதி எண்ணிக்கை என்னும் பரிசோதனைதான், எஃப்.பி.சி. என்றால் எல்லோருக்கும் விளங்கும். ஊதா மூடியிட்ட சிறு குழாயில் எடுக்கப்படும் இரண்டு மூன்று மில்லிலீற்றர் இரத்தத்திலிருந்து ஒரு தாள் நிறைய எண்கள் அச்சாகி வருகின்றன. அவற்றில் நாம் தேடிப் பார்ப்பது ஈமோகுளோபினை மட்டுமே; டெங்குக் காலமென்றால் பிளேட்லெட்டையும் சேர்த்துப் பார்ப்போம். சற்றுக் கீழே எம்.சி.வி., எம்.சி.எச். என்று இரண்டு வரிகள் இருப்பதை அநேகமாக யாரும் கவனிப்பதில்லை. ஒருவர் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோயைத் தம் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவரா என்ற ஐயத்தை முதலில் எழுப்புபவை அந்த இரண்டு வரிகளே. கலியாணப் பேச்சு தொடங்கும் முன்பே அவற்றைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே, அவை எப்படிக் கிடைக்கின்றன என்பதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

செங்குழியத்தினுள் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. வளர்ந்தவர்களின் உடலில் அவற்றுள் இரண்டு அல்பா வகை, இரண்டு பீட்டா வகை. அல்பாச் சங்கிலிக்கான பரம்பரை அலகுகள் 16ஆம் நிறமூர்த்தத்திலும், பீட்டாவுக்கானது 11ஆம் நிறமூர்த்தத்திலும் உள்ளன. பீட்டா அலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நமக்குக் கிடைக்கிறது. அந்த இரண்டில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால் மற்றது ஏறத்தாழ வேலையைச் சமாளித்துக்கொள்ளும். அத்தகையவரைக் காவி என்கிறோம். காவி நோயாளி அல்லர். அவர் வயலில் இறங்குவார், கடலுக்குப் போவார், பிள்ளை பெறுவார். வாழ்நாள் முழுவதும் தாம் காவி என்பதை அறியாமலே இருந்துவிடவும் கூடும்.

இரண்டு அலகுகளும் பழுதானால் நிலைமை வேறு. பீட்டாச் சங்கிலி இல்லாமல் துணையற்றுத் தேங்கும் அல்பாச் சங்கிலிகள் ஒன்றோடொன்று திரண்டு படிந்து, உருவாகிக்கொண்டிருக்கும் செங்குழியத்தின் மென்சவ்வைச் சிதைக்கின்றன. அதனால் பெரும்பாலான குழியங்கள் என்பு மச்சையை விட்டு வெளியேறும் முன்பே அழிந்துபோகின்றன. பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும், ஏனெனில் சிசுவின் ஈமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதிலாகக் காமாச் சங்கிலி இருக்கிறது. அது குறைந்து பீட்டாவின் முறை வரும்போது, அதாவது ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில், குழந்தை வெளிறத் தொடங்கும், வயிறு வீங்கும், வளர்ச்சி தடைப்படும். அதன்பின் மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றப்படும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பு இருக்கிறது; உடலோ நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பை வெளியேற்ற வழியற்றது. மிஞ்சும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிந்து சேதம் விளைவிக்கும். ஆகவே இரும்பை அகற்றும் மருந்தும் வாழ்நாள் முழுவதும் தேவைப்படுகிறது. கிளினிக் நாளுக்காகப் பாடசாலையையும் தொழிலையும் விட்டு அலையும் குடும்பங்களுக்கு இந்தச் சில வரிகளின் பொருள் என்னைவிட நன்றாகத் தெரியும்.

இந்த நோய் நம் தீவில் நிலைத்ததற்கு மலேரியாவும் ஒரு காரணம். தலசீமியாக் காவிகளை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை என்பதால்தான், மலேரியா பரவிய நாடுகளில் அந்தப் பரம்பரை அலகு தலைமுறைகள் கடந்தும் அழியாமல் நின்றது என்ற கருத்தைப் பிரித்தானிய மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1949இல் முன்வைத்தார். பிற்கால ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. உலர் வலயத்தின் குளங்களையும் காடுகளையும் சார்ந்து வாழ்ந்த திருகோணமலை மாவட்டத்தவருக்கு மலேரியா புதிதன்று. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூத்தவர்களைக் கேட்டால் குளிர்காய்ச்சல் கதைகள் வரும். 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மலேரியா போய்விட்டது; அது விட்டுச்சென்ற பரம்பரை அலகு நம் இரத்தத்தில் இருக்கிறது. ஒக்ஸ்போர்ட்டின் வைத்தியப் பேராசிரியர் டேவிட் வெதரால் நம் நாட்டு வைத்தியர்களுடன் சேர்ந்து குருநாகலை மையமாக வைத்து நெடுங்காலம் ஆய்வு செய்தார். 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களது கணிப்பின்படி, இலங்கையில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் பீட்டா தலசீமியாக் காவிகள். ஈமோகுளோபின் ஈ என்னும் இன்னொரு மாற்றத்தைச் சுமப்பவர்களும் உள்ளனர்; பெற்றோரில் ஒருவரிடம் அதுவும் மற்றவரிடம் பீட்டா தலசீமியாவும் இருந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம்.

இனி அந்த இரண்டு வரிகளுக்கு வருவோம். எம்.சி.வி. என்பது ஒரு செங்குழியத்தின் சராசரிக் கனவளவு. கண்ணுக்கே தெரியாத ஒன்றின் கனவளவை எப்படி அளக்கிறார்கள்? வோலஸ் கோல்டர் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1953இல் காப்புரிமை பெற்ற எளிய உத்தி ஒன்றே இன்றுவரை பல இயந்திரங்களுக்கு அடிப்படை. இரத்தத்தை உப்புக் கரைசலில் நன்கு ஐதாக்கி, ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் சிறிய துளை ஒன்றின் வழியே உறிஞ்சுகிறார்கள். துளையின் இருபுறமும் மின்வாய்கள் உள்ளன. உப்புக் கரைசல் மின்னைக் கடத்துவதால் மின்னோட்டம் சீராக ஓடிக்கொண்டிருக்கும். செங்குழியத்தின் மென்சவ்வோ மின்னை எளிதில் கடத்தாது. ஆகவே ஒரு குழியம் துளைக்குள் நுழையும் கணத்தில், அது அடைத்துக்கொண்ட இடத்தின் அளவுக்கு மின்தடை உயர்ந்து, வெளியேறியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒற்றைப் பாதைப் பாலத்தில் லொறி ஏறினால் வரும் நெருக்கடியும் மோட்டார் சைக்கிள் ஏறினால் வரும் நெருக்கடியும் ஒன்றல்ல அல்லவா, அதுபோலப் பெரிய குழியம் பெரிய துடிப்பையும் சிறிய குழியம் சிறிய துடிப்பையும் உண்டாக்கும். துடிப்புகளை எண்ணினால் குழியங்களின் எண்ணிக்கை. அவற்றின் உயரத்தைக் கணக்கிட்டால் கனவளவு. ஆயிரக்கணக்கான குழியங்களை இயந்திரம் சில விநாடிகளில் இப்படி அளந்துவிடுகிறது.

இரத்தத்தின் இன்னொரு பகுதியில் செங்குழியங்களை உடைத்து, வெளிவரும் ஈமோகுளோபின் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று பார்த்து அதன் மொத்த அளவைக் கணிக்கிறார்கள். அந்த மொத்தத்தைக் குழியங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே எம்.சி.எச்., அதாவது ஒரு குழியம் சராசரியாகச் சுமக்கும் ஈமோகுளோபின். வளர்ந்தவர்களுக்கு எம்.சி.வி. பொதுவாக 80 முதல் 100 பெம்ரோலீற்றர் வரையும், எம்.சி.எச். 27 முதல் 32 பிக்கோகிராம் வரையும் இருக்கும். பீட்டாச் சங்கிலி போதாத காவியின் உடல், ஒவ்வொரு குழியத்திலும் குறைவான ஈமோகுளோபினை இட்டு, அவற்றைச் சிறியனவாக்கி, எண்ணிக்கையைக் கூட்டி ஈடுசெய்யப் பார்க்கிறது. அதனாலேயே ஈமோகுளோபின் வரி ஓரளவு திருப்தியாகத் தோன்றும்போதும் இந்த இரண்டு வரிகளும் கீழே விழுந்து கிடக்கும்.

ஆனால் இரும்புக் குறைபாட்டிலும் குழியங்கள் சிறுக்கும். நம் பெண்களிடையே அது பரவலாக உள்ளது. எண்களை வைத்தே இரண்டையும் ஓரளவு பிரிக்கலாம். ஒருவரின் ஈமோகுளோபின் 11.2, செங்குழிய எண்ணிக்கை 5.6 மில்லியன், எம்.சி.வி. 65 என்று கொள்வோம். 65ஐ 5.6ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11.6 வருகிறது. இன்னொருவருக்கு எம்.சி.வி. 68, எண்ணிக்கை 4 மில்லியன் என்றால் விடை 17. இந்த விடை 13க்குக் கீழிருந்தால் தலசீமியாவையும், மேலிருந்தால் இரும்புக் குறைபாட்டையும் முதலில் ஐயுற வேண்டும் என்பது மென்ட்சர் குறிகாட்டி. இது ஐயம் மட்டுமே, முடிவு அன்று. இருப்பினும், வருடக்கணக்கில் இரும்புக் குளிசை விழுங்கியும் எம்.சி.வி. அசையாத ஒருவருக்குத் தலசீமியாப் பரிசோதனை செய்யாமல் இன்னொரு முறையும் குளிசையையே எழுதிக்கொடுப்பது சரியன்று என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன். அதே வேளை, காவிக்கும் உண்மையான இரும்புக் குறைபாடு சேர்ந்தே வரலாம். கர்ப்பிணிகள் இதைப் படித்துவிட்டுத் தாமாகவே குளிசையை நிறுத்திவிடக் கூடாது. பெரிற்றின் என்னும் பரிசோதனை உடலின் இரும்புக் கையிருப்பைச் சொல்லிவிடும்.

முடிவைத் தருவது எச்.பி.எல்.சி. என்னும் பரிசோதனை. உடைத்த செங்குழியங்களின் சாறு, எதிர் மின்னேற்றமுள்ள நுண்மணிகள் நிரப்பிய ஒரு மெல்லிய குழலினூடாக அழுத்தத்துடன் செலுத்தப்படுகிறது. ஈமோகுளோபின் வகைகளின் மின்னேற்றம் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடுவதால், சில மணிகளோடு இறுகப் பற்றிக்கொள்ளும், சில விரைவில் நழுவி வந்துவிடும். குழலினூடாகச் செலுத்தும் கரைசலின் உப்புச்செறிவு கூடக்கூட ஒவ்வொன்றாக விடுபட்டு, சிசு ஈமோகுளோபின் முந்தியும், வழக்கமான ஏ வகை அதன் பின்னும், ஏ2 வகை இன்னும் பிந்தியும் வெளிவரும். வாயிலில் உள்ள ஒளிமானி ஒவ்வொன்றின் அளவையும் ஒரு முகடாக வரைகிறது. ஏ2 வகையில் பீட்டாவின் இடத்தில் டெல்ட்டாச் சங்கிலி இருப்பதால் பீட்டா குறைந்தவரிடம் அதன் பங்கு உயரும்: 3.5 சதவீதத்தைத் தாண்டினால் அவர் பீட்டா தலசீமியாக் காவி என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். ஈமோகுளோபின் ஈ வகையும் ஏறத்தாழ அதே நேரத்தில் வெளிவருவதால், ஏ2 முகடு நம்பமுடியாத உயரத்தில் தெரிந்தால் அதை நினைக்க வேண்டும். கடுமையான இரும்புக் குறைபாடு ஏ2 அளவைச் சற்றுத் தாழ்த்தி, காவியைச் சாதாரணமானவர் போலக் காட்டிவிடக்கூடும். அல்பா தலசீமியாக் காவிகளையோ இப்பரிசோதனை பெரும்பாலும் காட்டாது. அதற்குப் பரம்பரை அலகுப் பரிசோதனையே தேவை.

காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயோடு பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம். முதற்பிள்ளை நோயாளியாகப் பிறந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை என்று கணக்குப் போடுவோர் உண்டு, அது தவறு. அடுத்த கர்ப்பத்திலும் அதே 25தான். நம்மிடையே மச்சான் மச்சாள் கலியாணம் வழக்கமாதலால் இன்னொரு கணக்கும் தேவை. ஒருவர் காவியாக இருந்தால், அவருடைய மாமன் மகளோ அத்தை மகளோ அதே அலகைச் சுமப்பதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. உறவற்ற ஒருவரில் அது ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலன்றிக் கருக்கலைப்பை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே கருவுற்ற பின் தெரிந்துகொள்வதில் பயன் குறைவு. காவி ஒருவர் காவியல்லாத எவரையும் தாராளமாக மணக்கலாம். சைப்பிரசில் மணமக்கள் இருவரும் முன்கூட்டியே பரிசோதித்துக்கொள்ளும் நடைமுறை வந்தபின் நோயோடு பிறக்கும் பிள்ளைகளின் தொகை மிக அரிதாகிவிட்டது. சாதகம் எழுதி வாங்கி, ஏழு பொருத்தம் பத்துப் பொருத்தம் என்று நாட்கணக்கில் பார்க்கும் நாம், அதே கிழமையில் இரண்டு எஃப்.பி.சி. தாள்களை ஒரு வைத்தியரிடம் காட்டுவது பெரிய காரியம் அன்று. சாதகம் பார்க்கும் வழக்கமில்லாத குடும்பங்களிலும் நிக்காஹ் நாள் குறிக்கும் முன்போ, பதிவுத் திருமணத்துக்கு அறிவித்தல் கொடுக்கும் முன்போ இதைச் செய்யலாம். என்னைக் கேட்டால், சம்பந்தம் பேசத் தொடங்கிய பின் பார்ப்பதைவிட உயர்தரம் முடித்த வயதிலேயே பார்த்துவைப்பது நல்லது. ஒரு பெண் மீது குறை சுமத்தப்பட்டுப் பேச்சு முறிவது அப்போது நேராது.

எம்.சி.வி. 80க்கோ எம்.சி.எச். 27க்கோ கீழே இருந்தால் அந்த அறிக்கையுடன் அருகிலுள்ள வைத்தியசாலையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். நாட்டின் தேசிய தலசீமியா நிலையம் குருநாகலில் இயங்குகிறது. பீட்டா தலசீமியாக் காவி என்று உறுதியானால் அந்த முடிவு வாழ்நாளில் மாறாது, ஆகையால் அறிக்கையைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்துக்கொள்ளலாம். சகோதரர் ஒவ்வொருவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு குறைந்தது பாதி என்பதால், அவர்களும் தம் பழைய எஃப்.பி.சி. தாள்களை எடுத்து அதே இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டும்.