குலக் கணக்கை அறியாமல் சோமாலியச் சிறுவர்களை மீட்க முடியாது

தென்மேற்குச் சோமாலியாவின் பைடோவா நகரில், அரசை எதிர்த்துப் போரிடும் இஸ்லாமிய ஆயுத அமைப்பான அல்-ஷபாபிலிருந்து தப்பி வந்த சிறுவர்களிடையே குழந்தைப் பாதுகாப்புப் பணியாளராக வேலை செய்திருக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம், "மதவெறி ஏற்றித்தானே இந்தப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகிறார்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள். அப்படி இழுக்கப்பட்டவர்களும் உண்டு. ஆனால், அந்த ஒரு காரணத்தை மட்டும் நம்பி மறுவாழ்வுத் திட்டம் வகுத்தால், மீண்டு வந்த சிறுவன் மறுபடியும் அதே இடத்துக்குத் தள்ளப்படுவான். என்னிடம் பேசிய பிள்ளைகள் மார்க்கத்தைப் பற்றிச் சொன்னதைவிடத் தங்கள் குலத்துக்கு நேர்ந்ததைப் பற்றிச் சொன்னதே அதிகம்.

சோமாலியர் அனைவரும் ஏறக்குறைய ஒரே மதத்தவர். பெரும்பாலோர் ஒரே மொழி பேசுபவர்கள். அவர்களுக்குள் எல்லை வகுப்பது தந்தைவழி வம்சம். தாரோத், ஹாவியே, திர், இசாக், ரஹன்வெய்ன் ஆகிய பெருங்குலங்கள் கிளைகளாகவும் உட்கிளைகளாகவும் பிரிந்து செல்கின்றன. அன்றாட வாழ்வில் ஒருவனைத் தாங்குவது பெருங்குலம் அன்று. 'மாக்' என்னும் குருதி இழப்பீட்டைச் சேர்ந்து செலுத்தவும் சேர்ந்து பெறவும் கடமைப்பட்ட சிறிய உறவுக்கூட்டமே. கூட்டத்தில் ஒருவன் கொலை செய்துவிட்டால் மற்ற அனைவரும் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். மரபுப்படி ஓர் ஆணின் உயிருக்கு 100 ஒட்டகங்கள், பெண்ணின் உயிருக்கு 50. காவல் நிலையமோ நீதிமன்றமோ எட்டாத ஊர்களில் உயிருக்குப் பாதுகாப்பு இதுதான். ஆகவே ஆள்பலமுள்ள கூட்டத்தைச் சேர்ந்தவனைத் தொட எவரும் அஞ்சுவார்கள். ஆள்பலம் இல்லாதவனைக் கொன்றால் கேட்பதற்கு நாதி இல்லை.

1969-இல் ஆட்சியைப் பிடித்த சியாத் பர்ரே, குலப்பற்றைச் சட்டத்தால் ஒழிப்பதாக அறிவித்துவிட்டு, அதிகாரத்தைத் தன் தந்தைவழி, தாய்வழி, மருமகன்வழிக் கிளைகளிடம் குவித்தார். 1991 ஜனவரியில் அவர் விரட்டப்பட்டபோது அரசும் உடன் சிதறியது. பைடோவாவைச் சுற்றியுள்ள ரஹன்வெய்ன் மக்கள் பெரும்பாலும் சோளம் பயிரிடும் உழவர்கள். பின்வாங்கிய பர்ரேயின் படைகளும் அவற்றைத் துரத்திவந்த படைகளும் மாறி மாறி அவர்களின் தானியக் குழிகளைச் சூறையாடியதன் விளைவே 1992-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அந்நகரம் பிணக்காடானது. 2011-இல் பஞ்சம் திரும்பவும் அதே நிலத்தைத் தாக்கியபோது, அல்-ஷபாப் பல உதவி நிறுவனங்களை உள்ளே விட மறுத்தது. ஏறத்தாழ 2,60,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்த மரணங்களில் பெரும் பங்கு ரஹன்வெய்ன் வீடுகளிலும், ஆற்றங்கரைகளில் வாழும் பந்து சிறுபான்மையினர் வீடுகளிலும் நிகழ்ந்தது.

2000-ஆம் ஆண்டில் ஜிபூத்தியின் ஆர்த்தா நகரில் நடந்த சமாதான மாநாட்டில், பதவிகளை நான்கு பெருங்குலப் பிரிவுகளுக்கு (இசாக், திர் குலத்தோடு சேர்த்தே கணக்கிடப்பட்டது) சமமாகவும், எஞ்சிய சிறுபான்மையினர் எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்காகவும் பிரிக்கும் நாலரைக் கணக்கு ஏற்கப்பட்டது. போரை அடக்க அன்று வேறு வழி தெரியவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் பந்து, கபோயே போன்ற சமூகங்களில் பிறக்கும் குழந்தை, தான் நாட்டில் அரை மனிதன் என்பதை எழுத்து கற்பதற்கு முன்பே கற்றுக்கொள்கிறது. நாடாளுமன்றத்தில் இடம், படையில் பதவி, உதவிப் பொருள் பட்டியலில் பெயர் என யாவும் இக்கணக்கின் நிழலிலேயே நடக்கின்றன.

அல்-ஷபாப் நுழைவது இந்த இடைவெளியில்தான். "எங்களிடம் குலம் கிடையாது, முஸ்லிம் என்பதே போதும்" என்று அது சொல்கிறது. சொல்வதோடு நில்லாமல் சிலவற்றைச் செய்தும் காட்டுகிறது. வலியவன் அபகரித்த நிலத்தைப் பற்றி எளியவன் அதன் நீதிமன்றத்தில் முறையிட்டால் விரைவாகத் தீர்ப்புக் கிடைக்கிறது, அத்தீர்ப்பு நிறைவேற்றவும்படுகிறது. இதனால் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள ஊர்களிலிருந்தும் வழக்காடப் போகிறார்கள். வேறு எங்கும் பெண் கொடுக்கப்படாத சிறுபான்மைக் குல இளைஞனுக்கு உயர்குலப் பெண்ணை மணமுடித்து வைக்கிறது. அவன் தோளில் துப்பாக்கி ஏறியதும், நேற்றுவரை அவன் குடும்பத்தை இழிவாகப் பேசியவர்கள் அடங்கிப் போகிறார்கள். பதினாறு வயதில் இவ்வளவும் கிடைக்கும்போது, கொள்கை விளக்க வகுப்பு அவனுக்கு இரண்டாம் பட்சமே.

அந்த வாக்குறுதி உள்ளே சென்றதும் பொய்த்துவிடுகிறது என்பதையும் பிள்ளைகளே சொல்கிறார்கள். 2010-ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில் மொகதிசுவைப் பிடிக்க நடந்த தாக்குதலில், அதன் மூத்த தலைவர்களில் ஒருவரும் ரஹன்வெய்ன் குலத்தவருமான முக்தார் ரோபோ திரட்டித் தந்த ரஹன்வெய்ன் வீரர்கள் பெருமளவில் மாண்டார்கள். தலைவர் கோதானேயுடன் ரோபோவுக்கு ஏற்பட்ட பிளவு அதிலிருந்தே ஆழமானது. 2017-இல் அரசின் பக்கம் வந்த ரோபோ, 2018 டிசம்பரில் தென்மேற்கு மாநிலத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது கைது செய்யப்பட்டார். அதை எதிர்த்துப் பைடோவாவில் கிளர்ந்தவர்களில் பலர் உயிரிழந்தனர். 2022-இல் அதே ரோபோ மத விவகார அமைச்சரானார். மனம் மாறித் திரும்ப நினைப்பவர்களுக்கு அந்தக் கைது என்ன செய்தி சொல்லியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிறுவர்கள் எல்லோரும் விரும்பிப் போனவர்களும் அல்லர். 2017-இன் நடுவிலிருந்து பே, பகூல் பகுதிகளில் அல்-ஷபாப், குலப் பெரியவர்களையும் ஆசிரியர்களையும் அழைத்துப் பிள்ளைகளை ஒப்படைக்கச் சொன்னது. கேட்கப்பட்டவர்களில் எட்டு வயதுக் குழந்தைகளும் இருந்தனர். மறுத்த ஊர்கள் தண்டிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பெற்றோர் தனியாகவே ஊரைவிட்டு அனுப்பிவைத்தார்கள். எந்த வீட்டுப் பிள்ளையைக் கொடுப்பது என்ற முடிவு பெரியவர்கள் கையில் விடப்படும்போது, நான் கேட்டறிந்தவரையில், தகப்பனை இழந்த வீடும், பிற குலத்திலிருந்து வந்து அண்டி வாழும் வீடுமே முதலில் தெரிவு செய்யப்பட்டன. எந்தக் குலக் கணக்கை ஒழிப்பதாகச் சொல்கிறார்களோ, அதே கணக்கைக் கொண்டே ஆளெடுக்கிறார்கள்.

புலம்பெயர்ந்த இளைஞர்களின் கதை வேறு. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 20 இளைஞர்கள் சென்றபோது அவர்களை உந்தியதில் எத்தியோப்பியப் படையெடுப்பின் மீதான சினமே முன்னின்றது. அதை இங்கே கலந்து குழப்பக் கூடாது.

மீண்டு வரும் சிறுவர்களுடன் பணிபுரிய இருப்பவர்களிடம் சிலவற்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொழிபெயர்ப்பாளர் எந்தக் கிளையைச் சேர்ந்தவர் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பகைக் கிளையினர் முன்னிலையில் சிறுவன் மனப்பாடமாக ஒரு கதையை ஒப்பிப்பானே தவிர உண்மையைப் பேசமாட்டான். பலர் நடுவே அவனுடைய குலத்தைக் கேட்காதீர்கள். தனிமையில், நம்பிக்கை பிறந்த பிறகு, யார் மூலம் போனான், வீட்டில் அப்போது எந்த வழக்கு நிலுவையில் இருந்தது, நிலத் தகராறா, பழிக்கு அஞ்சியா என்று கேளுங்கள். படையினரிடம் சிக்கும் சிறுவர்களை 72 மணி நேரத்துக்குள் குழந்தைப் பாதுகாப்பு அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 2014-இல் நடைமுறை வகுக்கப்பட்டிருக்கிறது. அது மீறப்படும்போது உடனே எழுத்தில் முறையிடுங்கள்.

2022-இல் ஹீரான் பகுதியில் ஹவாத்லே கிளையினர் அல்-ஷபாபுக்கு எதிராக எழுந்தார்கள். நம்மூர்க் கைலி போன்ற உடையால் 'மகாவிஸ்லே' எனப் பெயர் பெற்ற அந்தக் குடிப்படைகள் அரசுப் படையுடன் சேர்ந்து பரந்த நிலத்தை மீட்டன. ஆயினும் ஒரு கிளையின் கையில் ஆயுதம் கொடுத்தால், அதனோடு நிலத் தகராறுள்ள அயற்கிளை எவரிடம் அடைக்கலம் தேடும் என்பதைக் கணக்கிடாமல் இம்முறையைப் பிற மாவட்டங்களுக்கு விரிப்பதை நான் அச்சத்தோடுதான் பார்க்கிறேன். அன்று மீட்கப்பட்ட ஆதன் யபால் நகரம் 2025 ஏப்ரலில் மறுபடியும் அல்-ஷபாபின் கைக்குப் போனது.

மறுவாழ்வு மையத்திலிருந்து சிறுவனை வீட்டுக்கு அனுப்பும்போது, குலப் பெரியவர்கள் அவனுக்குப் பிணை நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பெருங்குலத்துச் சிறுவனுக்குப் பிணை நிற்க ஒரு மாமனாவது வருகிறார். பந்து சிறுவனுக்காக வரும் பெரியவரின் சொல்லுக்கு மாவட்ட நிர்வாகத்தில் மதிப்பில்லை. அவனால் பாதிக்கப்பட்ட குடும்பம் மாக் கேட்டால் கொடுக்க அவர்களிடம் ஒட்டகமும் இல்லை. ஆகவே அவன் பெயரை விடுவிப்புப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன்பே, பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு பேசி முடித்து, இழப்பீட்டுக்குத் திட்டச் செலவிலேயே நிதி ஒதுக்கி, அவனுக்குத் தையலோ பற்றவைப்போ கற்றுக்கொடுத்த ஆசிரியரை இரண்டாம் பிணையாக நிர்வாகம் ஏற்கச் செய்ய வேண்டும். நிதி வழங்குவோர் இந்தச் செலவை ஏற்கத் தயங்குகிறார்கள். அதற்காகத் தொடர்ந்து வாதாட வேண்டிய பொறுப்பு எங்களைப் போன்றவர்களுடையது.