பிய்ந்த தலைத்தோலைத் தூக்கிப் போடாதீர்கள்

மாவு மில்லின் பெல்ட், விசைத்தறி, கதிரடிக்கும் மிஷின், கரும்பு ஜூஸ் பிழியும் உருளை. இவற்றில் ஏதோ ஒன்றில் சடை சிக்கி, தலைத்தோல் பெயர்ந்து வருகிற நோயாளிகள் எங்கள் பிளாஸ்டிக் சர்ஜரி துறைக்குப் புதிதல்ல. அநேகமாக எல்லோரும் பெண்கள். குனியும்போது பின்னல் முன்னால் விழும், சுழலும் தண்டு அதைச் சுருட்டிக்கொள்ளும். புருவத்திலிருந்து பிடரி வரை, சில சமயம் ஒரு காதையும் சேர்த்து, தோல் ஒரே துண்டாகக் கழன்றுவிடும்.

ஏன் ஒரே துண்டாக வருகிறது? தலைத்தோலில் ஐந்து அடுக்குகள் உண்டு. மேலே இருக்கும் மூன்றும், அதாவது தோல், ரத்தக்குழாய்கள் ஓடும் கெட்டியான அடுக்கு, அதன் கீழே உள்ள நார்த்தகடு, ஒன்றோடொன்று இறுக ஒட்டியவை. நான்காவது மட்டும் தொளதொளவென்று இருக்கும். புருவத்தை உயர்த்தினால் தலைத்தோல் லேசாக நகர்கிறதே, அது இந்த அடுக்கின் தயவால்தான். பலமாக இழுபட்டால் கிழிவதும் அங்கேதான். ஐந்தாவது, மண்டை ஓட்டோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சவ்வு. காயத்தின் நீள அகலத்தைவிட இந்தச் சவ்வு பிழைத்ததா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

அதற்கு முன்னால் ரத்தப்போக்கு. தலையின் ரத்தக்குழாய்கள் அந்தக் கெட்டியான அடுக்கில் மாட்டிக்கொண்டிருப்பதால், அறுபட்டாலும் அவற்றால் சுருங்கி வாயை மூடிக்கொள்ள முடியாது. சின்னக் காயத்துக்கே சட்டை நனைவது அதனால்தான். சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டாம். எலும்பு உள்ளே அமுங்குவதுபோல் தெரிந்தால் மட்டும் நடுவில் அழுத்தாமல் காயத்தின் ஓரங்களில் அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம்தான், காபித்தூள் அல்ல. அதைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்குப் பெரும்பாடாகிவிடும்.

அடுத்தது பிய்ந்து விழுந்த தோல். ஆளை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு அதை மிஷின் அடியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். கேட்டால், "அது எதுக்கு சார், நாசமாப் போச்சே" என்பார்கள். நாங்கள் ஆள் அனுப்பி எடுத்து வரச் சொன்னால் நியூஸ்பேப்பரில் சுற்றி வரும், அல்லது ஐஸ்கட்டியில் நேரடியாகப் புதைத்து வரும். இரண்டும் தப்பு. நேராக ஐஸ் பட்டால் தோல் உறைந்து செத்துவிடும். சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்துக் கொண்டு வாருங்கள். முடியை வெட்டவோ டெட்டாலில் கழுவவோ வேண்டாம். இன்னும் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு தொங்கினால் அதை அறுத்துவிடாதீர்கள். அந்தச் சின்ன இணைப்பு வழியாகவே ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம்.

முழுதாகப் பிய்ந்த தலைத்தோலை மைக்ரோஸ்கோப் வைத்து, ரத்தக்குழாயோடு ரத்தக்குழாயாகத் தைத்து மறுபடி உயிரோடு பொருத்திய முதல் சிகிச்சை 1976இல் மருத்துவ இதழில் வெளியானது. மொத்தத் தலைத்தோலும் ஒரே ஒரு தமனி, ஒரு சிரை மூலம்கூடப் பிழைக்கும். கேட்பதற்கு எளிது. ஆனால் கத்தி வெட்டுபோல இது சீரான காயம் அல்ல. இழுத்துப் பிடுங்கியதில் குழாய்கள் உள்ளே நைந்திருக்கும். நைந்த பகுதியை வெட்டிவிட்டுக் காலிலிருந்தோ கையிலிருந்தோ சிரை எடுத்து இடைவெளியை இணைக்க வேண்டிவரும். எல்லா முயற்சியும் வெற்றி பெறுவதில்லை. ஆனாலும் சொந்த முடி, சொந்த நெற்றி, சொந்தப் புருவம் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பித் தரக்கூடிய அறுவை சிகிச்சை இது ஒன்றுதான். அதனால்தான் அந்தத் துண்டுக்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறோம்.

துண்டு கிடைக்கவில்லை, அல்லது பயன்படாது என்றால் சவ்வின் கதைக்கு வருகிறோம். சவ்வு உயிரோடு இருந்தால் தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து ஒட்டிவிடலாம். முடி வராது, ஆனால் காயம் சில வாரங்களில் மூடிவிடும். சவ்வு போய் வெள்ளை எலும்பு தெரிந்தால் தோல் ஒட்டு அங்கே பிடிக்காது. அடியிலிருந்து ரத்தம் கிடைக்காத தோல் கறுத்து உரிந்துவிடும். சவ்வு இருந்தும் அதைக் காயவிட்டுக் கெடுப்பது இன்னும் கொடுமை. "காத்தாட விட்டாதான் ஆறும்" என்று திறந்து போட்டால் சவ்வு காய்ந்து சாகும், அப்புறம் எலும்பின் மேல்பகுதியும் சாகும். முதல் நாளே தொடையிலிருந்து தோல் எடுத்து முடித்திருக்க வேண்டிய காயம், பல மணி நேர அறுவை சிகிச்சையாக மாறுவது இப்படித்தான்.

எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட்டு, உள்ளிருந்து சதை துளிர்த்த பிறகு தோல் ஒட்டுவது ஒரு பழைய வழி. பிரான்சைச் சேர்ந்த பெலோஸ்த் என்ற சர்ஜன் 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அதை எழுதிவைத்திருக்கிறார். பெரிய ஆபரேஷனைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு இன்றும் அது கைகொடுக்கிறது. நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்குச் சிறிய காயமென்றால் பக்கத்துத் தலைத்தோலையே சுழற்றி மூடுவோம். தலைத்தோல் இழுபடாது என்பதால், மூன்று விரல் அகலக் காயத்தை மூடுவதற்கே பெரிய பரப்பைக் கிளப்ப வேண்டும். மிகப் பெரிய காயமென்றால் முதுகுத் தசையையோ தொடைச் சதையையோ அதன் ரத்தக்குழாயோடு எடுத்துத் தலையில் வைத்து, காதுக்கு முன்னால் துடிக்கும் தமனியோடு தைப்போம். வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திரையை இப்படித் தலைக்கு மாற்றியதை மெக்லீன், பங்கி என்ற இரண்டு சர்ஜன்கள் 1972இல் வெளியிட்டார்கள். மனிதர்களில் செய்த இந்த வகை அறுவை சிகிச்சைகளில் ஆரம்பகாலத்தது அது.

நெற்றி விஷயம் வேறு. அங்கே மறைக்க முடி இல்லை. பைக்கிலிருந்து விழுந்தவர்கள், குறிப்பாக ஹெல்மெட்டைப் பட்டை மாட்டாமல் போட்டவர்கள், ரோட்டு மண்ணும் தாரும் ஏறிய நெற்றியோடு வருவார்கள். மயக்க மருந்து கொடுத்து முதல் நாளே பிரஷ்ஷால் தேய்த்து எடுக்காவிட்டால் அந்தத் துகள்கள் பச்சை குத்தியதுபோல நீலமாகவே தங்கிவிடும். அவசரத்தில் புருவத்தைச் சிரைக்கக் கூடாது, தையலைப் புருவக் கோட்டோடு பொருத்திப் பார்க்க அடையாளமே அதுதான். நெற்றிப்பொட்டுப் பக்கம் ஆழமான வெட்டு என்றால் புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லை என்றால் நரம்பு அறுபட்டிருக்கலாம். அதை மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். நெற்றி முழுதும் தோல் போயிருந்தால் துண்டு துண்டாக ஒட்டாமல், தடிமனான ஒரே தகடாக ஒட்டுவது பார்வைக்குத் தேவலை. நெற்றித்தோலைத் திருப்பி மூக்கு செய்யும் கலையை புனே பக்கம் பார்த்த ஆங்கிலேயர்கள் 1794இல் லண்டன் பத்திரிகையில் எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். மூக்குக்குத் தோல் தரும் நெற்றிக்கே தோல் போனால், அதே நிறத்தில் தருவதற்கு உடம்பில் இடம் குறைவு.

"முடி திரும்ப வருமா டாக்டர்?" எல்லோரும் கேட்கும் கேள்வி. காயம் ஆறிச் சில மாதம் கழித்து, மிச்சமிருக்கும் தலைத்தோலுக்கு அடியில் சிலிகோன் பை வைத்து, வாரம் ஒருமுறை சலைன் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை விரித்து எடுப்போம். ஏறத்தாழ பாதித் தலை வரை இதனால் மூட முடியும். புது முடி முளைக்காது, இருக்கும் முடியே பரவலாகும். நடுவில் தலை விநோதமாகப் புடைத்திருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதை லீவு பார்த்துச் செய்வது நல்லது.

பிரேசிலின் அமேசான் ஆறுகளில் படகு இன்ஜினின் மூடப்படாத தண்டில் சடை சிக்கி இதே காயம் பெண்களுக்கு நிறைய நேர்ந்தது. தண்டுக்கு மூடி கட்டாயம் என்று 2009இல் அங்கே சட்டமே போட்டார்கள். நம் ஊர் மில்களில் பெல்ட்டுக்கு மேல் ஒரு கம்பி வலை, வேலை செய்பவர் தலையில் ஒரு தொப்பி, துப்பட்டாவுக்கு ஓர் ஊக்கு போதும். சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டம் உண்டு. மில் தொழிலாளிகள் இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீட்டு) அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

பல வருடங்களுக்கு முன் தலையில் காயமோ தீப்புண்ணோ பட்டு, தழும்பு அடிக்கடி வெடித்து, ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. களிம்பு மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருக்காதீர்கள். நாள்பட்ட புண்ணில் தோல் புற்றுநோய் வருவதுண்டு. ஓரம் தடித்தாலோ, நாற்றம் அடித்தாலோ, புண் பெரிதானாலோ உடனே வந்து ஒரு துளி சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு ஓ.பி.யிலேயே செய்துவிடலாம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.