மகன் எந்தப் பட்டாலியன்? மெட்ராஸ் ரெஜிமென்ட் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டிய பட்டாள நடைமுறைகள்

படைவீரர்களின் பணி, தண்டனை, ஓய்வூதியம் ஆகியவை பற்றிய வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் என் மேசைக்கு வரும் கோப்புகளில் கணிசமானவை, சட்டச் சிக்கலால் அல்லாமல், மனு செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லாததால் கெட்டுப்போனவை. 'கர்னல் அவர்கள், மெட்ராஸ் ரெஜிமென்ட், வெலிங்டன்' என்று முகவரியிட்டு நான்கைந்து பதிவுத் தபால்களை அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த பெற்றோரை நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். மகன் எந்தப் பட்டாலியனில், எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று கேட்டால், "மெட்ராஸ் ரெஜிமென்ட்தான் சார்" என்பதைத் தாண்டி அவர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. படையில் சேர்பவருக்குப் பயிற்சி உண்டு, அவரை அனுப்பிவைக்கும் வீட்டுக்கு எந்தப் பயிற்சியும் இல்லை.

மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் ஒழுங்குபடுத்திய படைப்பிரிவுகளைத் தன் தொடக்கமாகக் கொள்வதும், இந்தியத் தரைப்படையின் காலாட்படை ரெஜிமென்ட்களில் மிகப் பழமையானதாகக் கருதப்படுவதும் பலருக்குத் தெரியும். ஆனால் ரெஜிமென்ட் முழுவதும் ஓரிடத்தில் கூடி ஒரே தளபதியின் கீழ் போரிடுவதில்லை என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அதன் பட்டாலியன்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பிரிகேடு, டிவிஷன்களின் கீழ், ஒன்று எல்லையிலும் மற்றொன்று அமைதிப் பகுதியிலுமாகப் பிரிந்து கிடக்கும். அவற்றைப் பிணைப்பவை நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் சென்டர், அங்கேயே உள்ள, வீரர்களின் பணி ஆவணங்களைக் காக்கும் ரெக்கார்டு ஆபீஸ், பொதுவான சின்னம், பொதுவான மரபு ஆகியவைதாம். 'கர்னல் ஆஃப் த ரெஜிமென்ட்' என்ற பொறுப்பில் ஒரு மூத்த அதிகாரி இருப்பார். அவர் மரபையும் நலனையும் காப்பவரேயன்றி, ஒரு ஜவானின் விடுப்பையோ தண்டனையையோ நேரடியாகத் தீர்மானிப்பவர் அல்லர். சென்டர் தாய்வீடு என்றால் பட்டாலியன் புகுந்த வீடு. அன்றாட நல்லது கெட்டதெல்லாம் புகுந்த வீட்டில்தான் முடிவாகும்.

ஒரு காலாட்படைப் பட்டாலியனில் சுமார் 800 பேர் இருப்பர். நான்கு ரைஃபிள் கம்பெனிகள், மோர்ட்டார் போன்ற கனரக ஆயுதங்களைக் கையாளும் சப்போர்ட் கம்பெனி, நிர்வாகத்தைக் கவனிக்கும் ஹெட்குவார்ட்டர் கம்பெனி என்பது அதன் அமைப்பு. கம்பெனி பிளட்டூன்களாகவும், பிளட்டூன் பத்துப் பேர் கொண்ட செக்‌ஷன்களாகவும் பிரியும். சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஏறி, நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்னும் இளநிலை ஆணை அதிகாரிகள் வரை ஒரு வரிசை; லெப்டினன்ட் முதல் கர்னல் வரை அதிகாரிகளுக்கு மற்றொரு வரிசை. குடும்பத்தினர் மனத்தில் இருத்த வேண்டியவர்கள் மூவர். முதலாமவர் கம்பெனி கமாண்டர். விடுப்பு, குடும்பப் பிரச்சினை, முதல்நிலைக் குறை எதுவாயினும் அவரிடம்தான் தொடங்கும். இரண்டாமவர் சுபேதார் மேஜர். ஜவான்களின் நாடித்துடிப்பைக் கமாண்டிங் ஆபீசரிடம் நேரடியாகச் சொல்லக்கூடியவர். எனக்குத் தெரிந்து தந்தையின் அழுகையோடு வந்த ஒரு தொலைபேசி அழைப்பைப் பொறுமையாகக் கேட்டு அன்று மாலையே தீர்வு கண்டவர்கள் பெரும்பாலும் இந்தச் சுபேதார் மேஜர்கள்தாம். மூன்றாமவர் பட்டாலியனுக்கே தலைவரான கமாண்டிங் ஆபீசர். கர்னல் தரத்தில் உள்ள இவருக்குச் சட்டம் தந்திருக்கும் அதிகாரம் சிவில் உலகில் எந்த மேலாளருக்கும் இல்லாதது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர், ஜம்மு காஷ்மீரில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் உள்ள ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் படையின் பட்டாலியனுக்குச் சில ஆண்டுகள் அனுப்பப்படலாம். அக்காலத்தில் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் அங்குள்ள கமாண்டிங் ஆபீசருக்கு உரியது. பழைய பட்டாலியனுக்கு அனுப்பும் கடிதம் அங்கே கிடந்து, மறுபடி அனுப்பப்பட்டு வந்து சேர்வதற்குள் முடிவாகிவிடும்.

மரபுகளைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் யானைச் சின்னத்தையும் 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு' என்ற போர் முழக்கத்தையும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த யானை 1803ஆம் ஆண்டு அஸ்ஸே போரின் நினைவு. 'ஸ்வதர்மே நிதனம் ஷ்ரேயஹ' (தன் கடமையில் மடிவதே மேல்) என்ற கீதை வரி ரெஜிமென்ட்டின் குறிக்கோள். தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் ஒரே பாரக்கில் படுத்து, வாராந்தர மந்திர் பரேடு என்னும் கூட்டு வழிபாட்டில் ஒன்றாக நின்று, பாராகானா என்னும் பெருவிருந்தில் அதிகாரிகள் பரிமாறச் சேர்ந்து உண்பதும், பிற ரெஜிமென்ட்காரர்கள் இவர்களை 'தம்பி' என்று உரிமையோடு அழைப்பதும் உண்மைதான். இந்த நெருக்கத்தின் மதிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நெருக்கமே குடும்பத்தினரிடம் ஒரு தவறான நம்பிக்கையை உண்டாக்குகிறது: "பட்டாளம் ஒரு குடும்பம், நம் நிலைமையை அவர்களே புரிந்துகொள்வார்கள்." புரிந்துகொள்ளும் மனம் இருந்தாலும், பட்டாளம் எழுத்தில் உள்ளதை வைத்தே இயங்கும்.

மரபுகளில் இரண்டு, சட்ட நோக்கிலும் முக்கியமானவை. ஒன்று, பயிற்சி முடிவில் வெலிங்டன் ஸ்ரீநாகேஷ் பாரக்ஸில் நடக்கும் கசம் பரேடு. பார்க்க வரும் பெற்றோருக்கு அது விழா. சட்டத்துக்கு அது உறுதிமொழி ஏற்று முழுமையான படைவீரராகும் கட்டம். அதற்கு முன், திறமையான வீரராக உருவாக வாய்ப்பில்லை என்று கருதப்படும் பயிற்சியாளரை எளிதாக விடுவித்துவிட முடியும். மற்றொன்று சைனிக் சம்மேளன் என்னும் தர்பார். கமாண்டிங் ஆபீசர் எல்லா ஜவான்களையும் ஒன்றாகச் சந்திக்கும் அந்தக் கூட்டத்தில் பொதுவான குறைகளை எழுந்து சொல்லலாம். தனிப்பட்ட குறைக்கு ராணுவச் சட்டம் 1950இன் 26ஆம் பிரிவு வழி வகுக்கிறது. முறைப்படி மேலதிகாரிகள் வழியாகச் செல்லும் அந்தப் புகாரைக் கொடுப்பது குற்றமாகாது என்பதைப் பல ஜவான்களே அறிந்திருக்கவில்லை. அதை விடுத்துச் சமூக ஊடகத்தில் காணொளி வெளியிடுவது, 21ஆம் பிரிவின் கீழ் வரும் கட்டுப்பாடுகளை மீறிய தனிக் குற்றமாகிவிடும். நியாயமான குறை இருந்தும், காணொளியால் வழக்கின் தன்மையே மாறிப்போன கோப்புகள் உண்டு.

என் அனுபவத்தில் மிக அதிகமான சேதத்தை விளைவிப்பது விடுப்பு மீறல்தான். சாதாரண ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அக்னிபத் திட்டத்தில் நான்காண்டுக்குச் சேரும் அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள். திருவிழா, தங்கை கல்யாணம், அம்மாவின் அறுவை சிகிச்சை, நிலத் தகராறு என்று ஏதோ ஒரு காரணத்தால் விடுப்பு முடியும் நாளில், "இன்னும் நாலு நாள் இருந்துட்டுப் போப்பா" என்று வீட்டார் தடுக்கிறார்கள். அனுமதியின்றி வராமலிருப்பதும், போதிய காரணமின்றி விடுப்பைக் கடந்து தங்குவதும் 39ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். முப்பது நாள் கடந்தால் 106ஆம் பிரிவின்படி விசாரணை மன்றம் கூடி, அவர் அனுமதியின்றி வராதவர் என்று பதிவு செய்யும். அவரைப் பிடித்துத் தருமாறு சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும் தகவல் வரும். அந்தக் காலம் ஓய்வூதியத்துக்கான பணிக்காலத்தில் சேராது. ஜவானுக்கு ஓய்வூதியம் கிடைக்கப் பதினைந்து ஆண்டு தகுதிப் பணி வேண்டும் என்பதால், இப்படி விழும் ஓட்டை பல வருடம் கழித்துப் பெரிதாகத் தெரியும்.

உண்மையாகவே போக முடியாவிட்டால் என்ன செய்வது? விடுப்பு முடிவதற்கு முன்பே கம்பெனி கமாண்டரிடம் பேசி நீட்டிப்பு கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கிடைத்த பதிலை எழுத்திலும் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஜவானுக்கே உடல்நலமில்லை என்றால் அருகிலுள்ள ராணுவ மருத்துவமனையில் சேர வேண்டும். அங்கே போக இயலாத அவசரநிலையில் அரசு மருத்துவமனையில் சேர்ந்து, அன்றே யூனிட்டுக்கும் அருகிலுள்ள ராணுவ நிலையத்துக்கும் தகவல் தர வேண்டும். ஊர்த் தனியார் கிளினிக்கில் பின்தேதியிட்டு வாங்கும் சான்றிதழ் எந்த விசாரணையிலும் நிற்காது. பல சமயம் அதுவே பொய்ச் சான்று என்ற இன்னொரு குற்றச்சாட்டுக்கு வித்திடும். விடுப்பில் இருக்கும்போது இருசக்கர வாகன விபத்து நேர்ந்தாலும் இதே முறைதான்: முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனைக் குறிப்பு, யூனிட்டுக்கு உடனடித் தகவல். இவை இல்லாவிட்டால் பின்னாளில் அந்தக் காயத்துக்கும் பணிக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்ற கேள்விக்கு விடையளிக்க ஒரு தாளும் இருக்காது.

தாமதமாகத் திரும்பிய ஜவானைக் கமாண்டிங் ஆபீசர் 80ஆம் பிரிவின்படி தாமே விசாரித்து 28 நாள் வரை ராணுவக் காவலில் சிறை வைக்கலாம். குற்றம் பெரிதெனக் கருதினால், தாமே நீதிபதியாக அமரும் சம்மரி கோர்ட் மார்ஷல் என்னும் ராணுவ நீதிமன்றத்தை நடத்தலாம். லெப்டினன்ட் கர்னல் அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தினர் நடத்தும்போது ஓராண்டு வரை சிறையும் பணிநீக்கமும் விதிக்க முடியும். அந்த மன்றத்தில் வழக்கறிஞர் எழுந்து வாதாட இயலாது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவ ஒரு 'நண்பர்' மட்டும் உடனிருந்து ஆலோசனை சொல்லலாம். எனவே எங்களைப் போன்றவர்களால் பயன் உண்டாவது அதற்கு முந்தைய கட்டத்தில், அதாவது குற்றச்சாட்டை ராணுவ விதிகளின் 22ஆம் விதிப்படி கமாண்டிங் ஆபீசர் கேட்கும்போது சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமையை ஜவான் விட்டுக்கொடுக்காமலிருப்பதில்தான். 'ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்' என்று சக வீரர்கள் சொல்லும் அறிவுரை அன்பில் பிறந்ததாக இருக்கலாம். பணிநீக்கத்தோடு ஓய்வூதியமும் போய்விடக்கூடும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

பணி ஏட்டில் சிவப்பு மையில் பதியப்படும் கடுமையான தண்டனைகள் நான்கு சேர்ந்தாலே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பேச்சு பட்டாளத்தில் நிலவுகிறது. வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், நான்கு பதிவுகள் இருப்பது மட்டுமே போதாது, முறையான விசாரணை நடத்தி, பணிக்காலத்தையும் சூழலையும் கருத்தில் கொண்டே விடுவிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அப்படி விடுவிக்கப்பட்டவர்கள் உத்தரவின் நகலைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது பார்ட் டூ ஆர்டர். திருமணம், குழந்தை பிறப்பு, மணமுறிவு, இறப்பு என்று குடும்பத்தில் நிகழும் ஒவ்வொன்றையும் யூனிட் இந்த உத்தரவாக வெளியிட்டு, ரெக்கார்டு ஆபீசில் உள்ள ஆவணத்தில் ஏற்ற வேண்டும். கோயிலில் நடந்த திருமணத்துக்குப் பட்டாலியனே வாழ்த்து அனுப்பியிருந்தாலும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகவில்லை என்றால், ஆவணத்தின் பார்வையில் அந்த ஜவான் மணமாகாதவரே. நம் ஊரில் இதோடு சேர்ந்துகொள்வது இனிஷியல் தொல்லை. குடும்பப் பெயர் இல்லாத நமக்கு, ஓரிடத்தில் தந்தை பெயர் முன்னாலும் வேறோரிடத்தில் கணவர் பெயர் பின்னாலும், ஆதாரில் இனிஷியல் விரிவாகவும், பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்தாகவும் இருப்பது இயல்பு. கணினியில் இயங்கும் ஸ்பர்ஷ் ஓய்வூதிய அமைப்புக்கு இந்த இயல்பு புரியாது. கையால் எழுதிய காலத்தில் குமாஸ்தா கண்டும் காணாமல் விட்டதெல்லாம் இப்போது நின்றுவிடுகிறது. கணவர் பணியில் இருக்கும்போதே மனைவி, பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்திவிட்டால் சில வாரத்தில் முடியும் வேலை, அவர் காலமான பிறகு ஒரு கைம்பெண் தாலுகா அலுவலகத்துக்கும் வெலிங்டனுக்கும் இடையே அலையும் வேலையாகிவிடும்.

நியமனதாரர் பற்றியும் குழப்பம் உண்டு. படையில் சேரும்போது தாயை நியமித்த ஜவான், திருமணத்துக்குப் பின் அதை மாற்றுவதில்லை. ராணுவக் குழுக் காப்பீட்டுத் தொகை நியமனத்தின்படி செல்லும். அதில் தாய்க்கும் மனைவிக்கும் விழுக்காடு பிரித்து எழுத முடியும். குடும்ப ஓய்வூதியமோ நியமனத்தைச் சார்ந்தது அன்று. விதிப்படி முதல் உரிமை மனைவிக்கு. மாமியாரும் மருமகளும் எதிரெதிரே அமர்ந்து வாதிடும் வழக்குகளில் பாதிக்கு இந்த வேறுபாடு தெரியாததே காரணம் என்பது என் கணிப்பு. மரணத்தின் காரணத்தைப் பொறுத்துச் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு, பணியோடு தொடர்புடைய மரணத்துக்குச் சிறப்பு ஓய்வூதியம் 60 விழுக்காடு, போர்ச் சூழலில் முழு ஊதியம் என்று அளவு மாறுவதால், விசாரணை மன்றத்தின் முடிவு நகலைக் குடும்பம் கேட்டுப் பெற வேண்டும். 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தோருக்கு ஓய்வூதியமோ பணிக்கொடையோ கிடையாது. 48 லட்ச ரூபாய்க் காப்பீடும், நான்காண்டு முடிவில் சேவா நிதி என்னும் மொத்தத் தொகையும் தனி ஏற்பாடு.

கணவர் பணம் அனுப்பவில்லை என்று வரும் பெண்களுக்குச் சொல்வது: சிவில் நீதிமன்றம் அவரது சம்பளத்தை நேரடியாக ஜப்தி செய்ய 28ஆம் பிரிவு தடையாக இருந்தாலும், மனைவி, குழந்தைகளின் பராமரிப்புக்காகச் ஜவானின் சம்பளத்தில் பிடித்தம் செய்ய 91ஆம் பிரிவு இடமளிக்கிறது. கமாண்டிங் ஆபீசருக்கு எழுதும் மனுவோடு திருமணச் சான்றும் குழந்தைகளின் பிறப்புச் சான்றும் இருந்தால் போதும். அதேபோல நில வழக்கில் சிக்கிய ஜவான், விடுப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்தால், அந்த விடுப்புக் காலத்துக்குள் வழக்கை விசாரிக்க ஏற்பாடு செய்யுமாறு 32ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஊர் வழக்கறிஞர்கள் பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை.

எல்லா மேல்முறையீடும் பலனளிக்காத நிலையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உள்ளது. சென்னையிலும் அதற்கு அமர்வு உண்டு. இறுதி உத்தரவு கிடைத்ததிலிருந்து ஆறு மாதத்துக்குள் செல்ல வேண்டும். அதற்கு முன் எழுதும் எந்தக் கடிதத்திலும் ராணுவ எண், தரம், பெயர், பட்டாலியன், கம்பெனி ஆகிய ஐந்தையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். பணியில் இருப்பவர் பற்றியது கமாண்டிங் ஆபீசருக்கு, ஓய்வு பெற்றவர் பற்றியது வெலிங்டன் ரெக்கார்டு ஆபீசுக்கு, இரண்டு வகைக் கடிதத்திலும் ஒரு நகல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு.