ஒரே பருவத்தில் 60 கோல்கள்: டிக்ஸி டீனுக்கு அது எப்படிக் கைகூடியது?

இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்து லீக்கில் ஒரே பருவத்தில் 60 கோல்கள் அடித்தவர் ஒருவர்தான். எவர்ட்டன் அணியின் சென்டர் ஃபார்வர்டான, அதாவது நடுவில் நின்று தாக்கும் முன்கள வீரரான வில்லியம் ரால்ஃப் டீன், 1927-28 பருவத்தில் 39 ஆட்டங்களில் இதைச் சாதித்தார். 'டிக்ஸி' என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட அவருக்கு அப்போது வயது 21. அவருடைய ஆற்றல் அபாரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆற்றலுக்கு வழி திறந்துவிட்டது 1925-இல் நிகழ்ந்த ஒரு விதி மாற்றம்.

அதுவரை இருந்த ஆஃப்சைடு விதிப்படி, சக வீரர் பந்தை முன்னோக்கி அடிக்கும் நொடியில், அதைப் பெறவிருக்கும் வீரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் குறைந்தது மூவர் இருந்தாக வேண்டும். அந்த மூவரில் ஒருவர் பெரும்பாலும் கோல்கீப்பர். மற்ற இருவர் ஃபுல்பேக்குகள், அதாவது கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கும் தற்காப்பு வீரர்கள். ஒரு ஃபுல்பேக் பின்னால் காவல் நிற்க, மற்றவர் தக்க தருணத்தில் சில அடிகள் முன்னேறினாலே தாக்க வந்தவர் ஆஃப்சைடு, அதாவது விதிக்குப் புறம்பான இடத்தில் நிற்பவர் ஆகிவிடுவார். கணிப்பு தவறினாலும் பின்னால் நிற்பவர் காப்பாற்றிக்கொள்வார். நியூகாசிலின் பில் மெக்ராக்கன் இந்தப் பொறியை வைப்பதில் கைதேர்ந்தவர். 1925-இல் மூவர் என்பது இருவராகக் குறைக்கப்பட்டதும், பொறி வைக்க வேண்டுமானால் கடைசி ஃபுல்பேக்கே முன்னேற வேண்டியதாயிற்று. அவர் ஒரு நொடி பிந்தினால், கோல்கீப்பரைத் தவிர மறிக்க ஆளில்லை. 1924-25-இல் முதல்நிலை லீக்கான முதல் டிவிஷனின் 462 ஆட்டங்களில் 1,192 கோல்கள் விழுந்திருந்தன. அடுத்த பருவத்தில் அதே எண்ணிக்கையிலான ஆட்டங்களில் 1,703 விழுந்தன.

பர்கன்ஹெட்டில் 1907-இல் பிறந்து, டிரான்மியர் ரோவர்ஸில் ஆடிவந்த டீனை எவர்ட்டன் 3,000 பவுண்டுக்கு வாங்கியதும் 1925-இல்தான். மறு ஆண்டு கோடையில் வடக்கு வேல்ஸில் நேர்ந்த மோட்டார்சைக்கிள் விபத்தில் அவருடைய மண்டையோடும் தாடையும் முறிந்தன. இனி அவர் ஆடுவது சந்தேகமே என்று மருத்துவர்கள் கருதினார்கள். அப்படிப்பட்டவர் சில மாதங்களில் களத்துக்குத் திரும்பி, தலையால் முட்டி கோல் போடுவதில் நிகரற்றவராக விளங்கினார் என்பதுதான் என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

தலையால் முட்டுவது நெற்றியின் வேலை என்று தோன்றும். உண்மையில் அது கழுத்தும் இடுப்பும் சேர்ந்து செய்யும் வேலை. தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்து தளர்ந்திருந்தால் பந்து மோதும்போது தலை பின்வாங்கும். பந்தின் வேகமும் வீணாகும். மோதுவதற்குச் சற்று முன்பே கழுத்துத் தசைகள் இறுகிவிட்டால், தலையும் மேலுடலும் ஒரே பொருள்போல் இயங்கி, பந்து விசையோடு திரும்பும். அந்தரத்தில் உதைத்து எழும்பத் தரை கிடையாது என்பதால், மேலுடலைப் பின்னுக்கு வளைத்து, பிறகு அதை முன்னோக்கி வீசும் அதே கணத்தில் கால்களும் முன்னே வர வேண்டும். இரண்டும் எதிரெதிராகச் சுழன்று ஒன்றையொன்று ஈடுசெய்வதால்தான் உடல் நிலைகுலையாமல் இருக்கிறது. பந்தின் மையத்துக்குச் சற்று மேலே முட்டினால் அது கீழ்நோக்கிப் பாய்ந்து, கோல்கீப்பரின் காலடியில் எகிறும். அக்காலத் தோல்பந்து மழையில் நீரைக் குடித்துக் கனத்துவிடும். அதன் வாயை இழுத்துக் கட்டிய தோல்வார் நெற்றியில் பட்டால் காயப்படுத்தவும் செய்யும்.

முந்தைய பருவத்தில் மிடில்ஸ்பரோவின் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 கோல்கள் அடித்திருந்தார். அதை முந்த, கடைசி இரண்டு ஆட்டங்களில் டீனுக்கு ஏழு கோல்கள் தேவைப்பட்டன. பர்ன்லிக்கு எதிராக நான்கு அடித்தார். 1928 மே 5 அன்று எவர்ட்டனின் மைதானமான குடிசன் பார்க்கில் ஆர்சனலுக்கு எதிராக இரண்டு அடித்தபின், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அலெக் ட்ரூப் அடித்த கார்னர் கிக்கைத் தலையால் முட்டி அறுபதாவது கோலைப் போட்டார்.

இரண்டு ஃபுல்பேக்குகளுக்கு நடுவே ஒரு வீரரை நிரந்தரக் காவலுக்கு நிறுத்தும் முறையை ஆர்சனலின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன் செம்மைப்படுத்த, மற்ற அணிகளும் பின்பற்றின. விதி தந்த வெற்றிடம் இப்படி அடைபட்டது. ஆயினும் 1931-32-இல் எவர்ட்டன் லீக் பட்டம் வென்றபோது லீக்கில் அதிக கோல் அடித்தவர் டீன்தான். 1938-இல் எவர்ட்டனை விட்டு விலகும்போது, அந்த அணிக்காக 399 லீக் ஆட்டங்களில் 349 கோல்கள் அவர் கணக்கில் இருந்தன.