மிஸ் அடிக்கும் பழைய டர்போ கார்: எந்தப் பாகம் என்று கேட்கும் முன் எப்போது என்று கேளுங்கள்

ஐடிலிங்கில் சத்தமே இல்லாமல் ஓடும் கார், மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்ததும் 3,000 ஆர்பிஎம் பக்கம் வந்து உதறுகிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிப்பு தவறுவதைத்தான் மிஸ் அடிப்பது என்கிறோம். காலை எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. பழைய டர்போ பெட்ரோல் கார்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. உடனே டர்போ மேல் பழி போடுவார்கள். பெரும்பாலும் டர்போவில் கோளாறே இருக்காது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்போது வரும் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, தாங்க முடியாத ஏதோ ஒரு சின்னப் பாகம்தான் காரணமாக இருக்கும்.

ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.8 லிட்டர் 20 வால்வு டர்போ இன்ஜினை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரில் வந்தது இதுதான். 1781 சிசி, 150 குதிரைத்திறன், அழுத்த விகிதம் ஏறத்தாழ 9.5. ஐடிலிங்கில் இதன் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) இருக்கும் அழுத்தம் 0.3 பார் அளவுதான். பிஸ்டன் அதை நசுக்கி முடிக்கும்போது ஐந்தாறு பார் ஆகும். முழு பூஸ்ட்டில் மேனிஃபோல்டிலேயே ஒன்றரை பார் வந்துவிடும்; நசுக்கி முடித்தால் 30 பாரை நெருங்கும். காற்று எவ்வளவு அடர்த்தியோ, பொறி தாண்டிக் குதிப்பதும் அவ்வளவு கடினம். அதனால் ஐடிலிங்கில் போதுமாக இருந்த மின்னழுத்தம் பூஸ்ட்டில் போதாது. ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைத் தாண்ட முடியாத மின்சாரம், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலில் விழுந்த மயிரிழை விரிசல் வழியாகவோ பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் வழுக்கியோ இன்ஜின் தலைக்கு ஓடிவிடுகிறது. அந்தப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், மின்சாரம் போன பாதை அதுதான். பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது. அதே கோடு காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் இருக்கும்.

ஆகவே பூஸ்ட்டில் மட்டும் மிஸ் அடித்தால் முதல் சந்தேகம் இக்னிஷன் மேல். ஸ்கேனரில் பி0303 என்ற பிழைக் குறியீடு வந்தால் மூன்றாவது சிலிண்டர். எண்ணிக்கை டைமிங் பெல்ட் பக்கத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொரு எரிப்பும் கிராங்க்கைத் தள்ளும். தள்ளு விழாத நொடியில் கிராங்க் வேகம் லேசாகக் குறைவதைச் சென்சார் பிடித்துவிடும். இந்த இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரு காயில் என்பதால் சோதனைக்குச் செலவே இல்லை. மூன்றாவது காயிலை இரண்டாவதில் மாட்டி, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில் குற்றவாளி. பி0303 ஆகவே நின்றால் பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள், பிறகு இன்ஜெக்டரை. காயிலுக்குப் போகும் வயர்களையும் கவனியுங்கள்: இன்ஜின் சூட்டில் உறை பொடிப்பொடியாக உதிர்ந்து, ஆட்டினால் மிஸ் வந்து வந்து போகும். பிளக் இடைவெளி 0.8 மி.மீ.; பூஸ்ட் கூட்டப்பட்ட வண்டியில் 0.7. இன்ஜின் ஆறியபின் 30 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டும். பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தால் முதலில் வால்வு கவர் கேஸ்கெட்டை மாற்றுங்கள். இல்லையென்றால் புதுக் காயிலும் அதே கதிதான்.

ஐடிலிங்கில் குலுங்கி, வேகம் எடுத்ததும் சரியாகிறது என்றால் கதை வேறு. அங்கே தேட வேண்டியது காற்றுக் கசிவை. டர்போ காரில் இதில்தான் நுணுக்கம் அதிகம், கசிவு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து அறிகுறியே தலைகீழாக மாறும். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே ஹோஸ் கிழிந்திருந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே நுழையும். கலவையில் பெட்ரோல் குறையும். டர்போவுக்குப் பிந்தைய, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கழன்றிருந்தால், அளந்த காற்று பூஸ்ட்டில் வெளியே போய்விடும். இல்லாத காற்றுக்கும் சேர்த்து பெட்ரோல் ஊற்றப்பட, சைலென்சரில் கறுப்புப் புகை வரும். மேனிஃபோல்டிலேயே கசிவு என்றால் இரண்டும் நடக்கும்: ஐடிலிங்கில் உறிஞ்சும், பூஸ்ட்டில் ஊதும். ஸ்கேனரில் ஃபியூயல் டிரிம் (பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற திருத்த அளவு) ஐடிலிங்கில் கூட்டல் 15, வண்டியை ஓட்டாமல், லோடு இல்லாமல் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 3 என்று இறங்குகிறதா? மேனிஃபோல்ட் பக்கம் கசிவு உறுதி. மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிரீதர் ஹோஸ்களை (கிராங்க் கேஸின் ஆவியை வெளியேற்றும் குழாய்கள்) விரலால் அழுத்திப் பாருங்கள். ஆயிலில் ஊறி ஊறி, வெந்த கத்தரிக்காய் மாதிரி அமுங்கும்.

கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு அழுத்தச் சோதனைதான் வழி. ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த ஹோஸின் வாயில் டயர் வால்வு பொருத்திய பிவிசி மூடியைச் செருகிக் கிளிப்பால் இறுக்குங்கள். பிரீதர் குழாயை அடைத்துவிடுங்கள். மறந்தால் காற்று கிராங்க் கேஸுக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். 10 பிஎஸ்ஐ போதும், 15ஐத் தாண்ட வேண்டாம். சோப்பு நீரைத் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். காலை எடுத்ததும் மிஞ்சிய பூஸ்ட்டைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வையும் கழற்றிக் கையாலேயே சோதிக்கலாம்: உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளி, மேலே உள்ள சிறு குழாயை விரலால் மூடிக்கொண்டு பிஸ்டனை விட்டுவிடுங்கள். பிஸ்டன் அப்படியே நிற்க வேண்டும். திரும்பி வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் தொல்லை என்றால், இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் மைனஸில் காட்டினால் சென்சார் போய்விட்டது. அதை நம்பி இன்ஜினில் பெட்ரோல் கொட்டுகிறது.

பூஸ்ட்டில் இழுவை குறைந்து, டிரிமும் கூட்டலில் ஏறினால் ஏர் ஃப்ளோ சென்சாரோ பெட்ரோல் வரத்தோ. 150 குதிரைத்திறன் இன்ஜின் முழு மிதியில் நொடிக்கு 120 கிராம் அளவுக்குக் காற்று காட்ட வேண்டும். 80இல் நின்றுவிட்டால், கசிவும் இல்லை, பூஸ்ட்டும் சரி என்றால், சென்சார் பொய் சொல்கிறது. காற்று சரியாக இருந்தால் பெட்ரோல் அழுத்தத்தை அளக்க வேண்டும்: பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் 3 பார் உள்ளதில் ஐடிலிங்கில் 2.5 பார், வாக்குவம் ஹோஸைப் பிடுங்கினால் 3. பிடுங்கிய ஹோஸ் நனைந்திருந்தால் ரெகுலேட்டர் கிழிந்திருக்கிறது.

எதை மாற்றினாலும் ஒரே சிலிண்டர் மிஸ் அடித்தால் கம்ப்ரஷன் பார்க்காமல் மேலே போகாதீர்கள். சூடான இன்ஜின், நான்கு பிளக்கும் வெளியே, இக்னிஷனும் பெட்ரோலும் துண்டித்து, த்ராட்டிலை (காற்று வழியின் கதவு) முழுக்கத் திறந்து அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கு இடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்.

செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். விட்டு விட்டு மின்னினால் அப்போதே வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. உள்ளே இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் உருகி அடைத்துவிட்டால், சின்ன வேலையாக முடிய வேண்டியது பல மடங்கு செலவில் போய் நிற்கும்.