"உங்களுக்கு கிரிப் இருக்கு" என்றால் என்ன அர்த்தம்?

லீசிங் கேட்டுப் போனவரை "உங்களுக்கு கிரிப் இருக்கு" என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அதைக் கேட்டுவிட்டு வருபவர், தன் பெயர் கறுப்புப் பட்டியலில் விழுந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார். அப்படி ஒரு பட்டியல் கிடையாது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கைக் கடன் தகவல் பணியகத்தைத்தான், அதன் ஆங்கிலச் சுருக்கத்தை (CRIB) வைத்து, கிரிப் என்கிறோம். வங்கிகளும் அனுமதிப்பத்திரம் பெற்ற நிதிக் கம்பனிகளும் கொடுத்த கடன்களின் விபரம் அங்கே சேர்கிறது. ஒழுங்காகக் கட்டியவர் பெயரும் அதில் இருக்கும். அங்கே உங்களைப் பற்றி இருக்கும் கடன் அறிக்கையில் ஏதோ நிலுவை தெரிகிறது என்பதைத்தான் பெரும்பாலும் "கிரிப் இருக்கு" என்கிறார்கள். கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது நீங்கள் விண்ணப்பித்த நிறுவனம்தான்.

முதலில் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். பணியகத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்து, கட்டணம் செலுத்திப் பெறலாம். எந்த நிறுவனம், எவ்வளவு கடன், இன்னும் எவ்வளவு மிச்சம், எத்தனை நாள் நிலுவை, திரும்பிய காசோலைகள், யார் யார் உங்கள் அறிக்கையைக் கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் வரும்.

மலையகத்தில் பலரை மாட்டிவிடுவது பிணைக் கையெழுத்துத்தான். மச்சானின் த்ரீவீலருக்குப் போட்ட கையெழுத்தும் உங்கள் அறிக்கையில் 'பிணையாளி' என்று நிற்கும். அவர் கட்டாத மாதங்கள் உங்கள் கணக்கிலும் தெரியும். ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் குழுக்கடனும் இதே கதைதான். பிணை நின்ற கடனின் நிலையை மூன்று மாதத்துக்கொரு தடவையாவது கேட்டு வையுங்கள். நிலுவை 90 நாள் தாண்டினால் வங்கி அதைச் செயற்படாக் கடன், அதாவது ஒழுங்காகத் திரும்பி வராத கடன், என்று ஆக்கிவிடும். அதற்கு முன் பேசினால் தவணையை மாற்றி அமைப்பது எளிது. பிறகு பேசினால் வழக்கறிஞர் கடிதத்தோடுதான் பேச வேண்டியிருக்கும்.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016இல் வந்த புதியதில் பன்னிரண்டு இலக்கம். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். ஓர் இலக்கம் பிசகினாலும் அடுத்தவர் கடன் உங்கள் பெயரில் ஏறலாம். நீங்கள் கட்டி முடித்த கடன் காணாமலும் போகலாம். சிங்களத்தில் எழுதி, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும்போது சிதைந்த பெயர்களையும் கவனியுங்கள்.

பிழை கண்டால் பணியகத்திடம் முறைப்பாடு கொடுக்கலாம். ஆனால் பணியகம் தானாக அழிக்காது, விபரம் அனுப்பிய நிறுவனம்தான் திருத்தி அனுப்ப வேண்டும். அதனால் அந்த நிறுவனத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தோட்டத்து லயன் வீட்டுக்கே வந்து காசு வாங்கும் நிறுவன உத்தியோகத்தர், பற்றுச்சீட்டுத் தராமல் கொப்பியில் மட்டும் கோடு போட்டுவிட்டுப் போனால், பின்னால் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. கடைசித் தவணை கட்டிய அன்றே, கடன் முடிந்ததாகக் கடிதம் கேளுங்கள். தள்ளுபடியில் முடித்தீர்களென்றால், மிச்சம் எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும். நிறுவனங்கள் பொதுவாக மாதத்துக்கொரு முறைதான் விபரம் அனுப்பும். ஆகவே பணம் கட்டிய மறுநாளே மாறவில்லை என்று பதற வேண்டாம்.

மீண்டும் பெயர் எடுக்க வேண்டுமென்றால், நிலுவையைத் தீர்த்தபின் சிறியதாக ஒன்றை எடுத்து நேரத்துக்குக் கட்டுவதே வழி. உங்கள் சொந்த நிலையான வைப்பை வைத்து அதே வங்கியில் எடுக்கும் கடன் இதற்குத் தோதானது, ஏனென்றால் வங்கிக்கு அதில் பயமில்லை. தோட்டத்துச் சீட்டிலும் கடைக் கணக்கிலும் எவ்வளவு நாணயமாக இருந்தாலும் அது அறிக்கையில் ஏறாது. அவசரத்தில் ஒரே மாதத்தில் நாலைந்து கம்பனிகளில் விண்ணப்பம் போடாதீர்கள். கேட்டவர்களின் பெயரெல்லாம் அறிக்கையில் நிற்கும், அடுத்தவர் அதைப் பார்த்துத் தயங்குவார்.

"கிரிப்பிலிருந்து பேரை எடுத்துத் தாறோம்" என்று காசு கேட்பவர்களால் எதையும் எடுக்க முடியாது. அடையாள அட்டைப் பிரதியைக் கூட அவர்களிடம் கொடுக்காதீர்கள்.

நிறுவனம் உங்கள் கடிதத்துக்குப் பதில் தராவிட்டாலோ தந்த பதில் சரியில்லை என்றாலோ, மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 இல் அழைக்கலாம். தமிழிலேயே எழுதியும் அனுப்பலாம். முத்திரையிட்ட அந்தப் பிரதியையும் பற்றுச்சீட்டுகளையும் போட்டோக்கொப்பி எடுத்து இணையுங்கள். மூலப் பத்திரங்களை மட்டும் கையைவிட்டு அனுப்பாதீர்கள்.