சிறப்புக் கோப்பி: சொல்லும் பொருளும்

கொழும்பின் புதிய கோப்பிக் கடைகளில் ‘ஸ்பெஷாலிட்டி கோப்பி’ என்ற தொடர் பெயர்ப்பலகையிலும் கொட்டைப் பொதியிலும் காணப்படுகிறது. பாலையும் சீனியையும் தாராளமாகச் சேர்த்துத் தரும் ‘ஸ்பெஷல்’ தேநீரின் உறவாக இதைக் கொள்வோர் உளர். ஆனால் இத்தொடர் குறிப்பது கொட்டையின் தரத்தையே.

அமெரிக்கக் கோப்பி வணிகரான எர்னா க்னூட்சன் 1974இல் வணிக இதழொன்றில் இத்தொடரைக் கையாண்டார். குறிப்பிட்ட நிலமும் அதன் நுண்காலநிலையும் சேர்ந்து கொட்டைக்கு ஊட்டும் தனிச்சுவையையே அவர் கருதினார். அளவுகோல் பின்னர் வகுக்கப்பட்டது. 350 கிராம் பச்சைக் கொட்டையில் முற்றிலும் கறுத்ததோ புளித்ததோ பூஞ்சணம் பிடித்ததோ ஒன்றேனும் இருத்தலாகாது என்பதும், ‘கப்பிங்’ எனப்படும் சுவைத்தேர்வில் நூற்றுக்கு 80 புள்ளிகளாவது பெறவேண்டும் என்பதும் நெடுங்காலம் வழங்கிய விதிகள்.

கடையில் வாங்குபவருக்குப் பச்சைக் கொட்டை காணக் கிடைப்பதில்லை. விளைந்த இடம், அதன் உயரம், பதப்படுத்திய முறை, வறுத்த திகதி ஆகியவை பொதியில் உள்ளனவா என்று பார்க்கலாம். காலாவதித் திகதி மட்டும் இருந்தால் அது போதாது. வறுத்த கொட்டைகளிடையே வெளிறிக் கிடப்பவை பெரும்பாலும் முதிராத பழத்திலிருந்து வந்தவை. எண்ணெய் மினுங்குவது கடும் வறுவலின் அடையாளமேயன்றித் தரத்தின் அடையாளமன்று. மல்லியும் சுக்கும் சேர்த்த கோப்பித்தூளில் வளர்ந்த நமக்கு, கொட்டையின் சொந்த மணத்தைப் பிரித்தறியச் சற்றுப் பயிற்சி வேண்டும். (அந்தத் தூளின் சுவை வேறு, அதைக் குறைசொல்ல எவருக்கும் மனம் வராது.)

தமிழில் எப்படிச் சொல்வது? ‘உயர்தரக் கோப்பி’ எனலாம். ஆனால் அது புள்ளியை மட்டும் சொல்லி இடத்தை விட்டுவிடுகிறது. தவிரவும், இலங்கையில் உயர்தரம் என்றதும் பரீட்சைதான் நினைவுக்கு வரும். தனித்தமிழ் அன்பர் விரும்பும் ‘குளம்பி’, கொட்டையின் வடிவத்தைக் கொண்டு ஆக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அழகிய சொல்லே. எனினும் ‘கோப்பி’ நம் வழக்கில் வேரூன்றிவிட்டது. ‘சிறப்புக் கோப்பி’ என்பதே என் தெரிவு. பொதுப்பெயர், சிறப்புப்பெயர் என்று இலக்கணம் பிரிக்கும்போது, பலவற்றுக்கும் உரிய பெயரிலிருந்து ஒன்றற்கே உரிய பெயரைச் ‘சிறப்பு’ என்ற சொல்லே வேறுபடுத்துகிறது. பேச்சுவழக்கிலோ அது மேன்மையைச் சுட்டுகிறது. க்னூட்சன் கருதிய தனித்தன்மையும் பின்வந்தோர் வகுத்த தரமும் இந்த ஒரு சொல்லில் அடங்குகின்றன. ஆதலால் விளைந்த இடத்தின் பெயரைச் சொல்லாத பொதியில் இச்சொல்லை அச்சிடுவது பொருந்தாது.